மேடையில் நான் கொடுத்த தண்ணீர்

வெள்ளைக்காரராக நடிக்க ஒரு வெள்ளைக்காரரும் முன்வரவில்லை. அதனால் தொப்பியையும் மரத்துவக்கையும் என் தலையில் கட்டினார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சுவிஸில் ஊஸ்டர் என்ற ஊரில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில், அக்கம்பக்கத்துச் சுவிஸ்காரர் பத்துப் பன்னிரண்டு பேரும் தமிழர் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாடகம் போட்டோம். தெற்கு ஆபிரிக்காவில் வாழும் சான் மக்களின் கதைகளும் சரித்திரமும்தான் நாடகம். அந்த மண்ணின் முதல் குடிகள் அவர்கள். வேட்டையாடியும் கிழங்கு கிண்டியும் வாழ்ந்தவர்கள். பிறகு வந்த வெள்ளைப் பண்ணைக்காரர்கள் குதிரையில் ஏறி வந்து, மானைச் சுடுவதுபோல அவர்களைச் சுட்டு, தண்ணீர் ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டார்கள். 'சான்' என்ற பெயர்கூட அயலவர்கள் வைத்ததுதானாம். இதையெல்லாம் மேடையில் சொல்ல வெளிக்கிட்ட எங்களுக்குள் ஒரு சான் ஆள்கூட இல்லை. அவர்களை நேரில் கண்டிருந்தவர் ஒரே ஒருவர்தான், அது ரீச்சர்.

ரீச்சர் என்று நாங்கள் கூப்பிட்டது ஒரு சுவிஸ் பள்ளிக்கூட ஆசிரியையை. ஐம்பது வயதிருக்கும். இளமையில் கலஹாரிப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் சில வருடம் படிப்பித்தவர். புதன்கிழமைகளில் எங்களுக்கு இலவசமாக ஜேர்மன் சொல்லிக் கொடுத்தார். நல்ல மனுசி. நல்ல மனுசர்களால் வந்த கேடு என்பதால்தான் இன்றுவரை ஒருவரையும் வாய்விட்டுத் திட்ட முடியாமல் கிடக்கிறேன்.

மற்றத் தமிழர் அண்ணை. சொந்தமில்லை; ஒரே அறையில் இருந்தோம். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். இங்கே அவர் ஆஸ்பத்திரிச் சமையலறையிலும் நான் ஒரு ஹோட்டலிலும் கோப்பை கழுவினோம். இரண்டு பேரும் அகதி விண்ணப்பம் போட்டவர்கள். முதல் விசாரணை முடிந்துவிட்டது. தலைநகர் பேர்ணில் நடக்கப்போகும் பெரிய விசாரணைக்குக் காத்திருந்தோம். அங்கே 'பொசிட்டிவ்' வந்தால் இருக்கலாம். 'நெகட்டிவ்' வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் நலம் விசாரிப்பதே "கேஸ் என்ன மாதிரி?" என்றுதான்.

விசாரணைக்குப் போகுமுன் கேஸைச் சொல்லிப் பார்ப்பது எல்லா அறைகளிலும் இருந்த வழக்கம். ஒருவர் கட்டிலில் அதிகாரியாக இருப்பார். மற்றவர் கதிரையில் இருந்து தன் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்வார். நேற்று 'காலை' என்று சொன்னது இன்று 'மத்தியானம்' என்று மாறினால் அதிகாரி தொடையில் தட்டுவார். திரும்ப முதலிலிருந்து. பேர்ணில் நீ அழுதாலும் சிரித்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான்; முதல் சொன்னதும் பிறகு சொன்னதும் ஒட்டுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். என் கேஸில் முக்கால்வாசி நடந்தது, கால்வாசி ஒட்டுப் போட்டது. அந்த ஒட்டைத்தான் நான் இரவு பகலாகப் பாடமாக்கினேன். அண்ணையின் கேஸில் ஒட்டே இல்லை.

அவர் அதைச் சொல்லும் விதத்தைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். "மத்தியானம். ஆமிக்காரர் பஸ்ஸை மறிச்சவங்கள். எல்லாரையும் இறக்கி றோட்டில முழங்காலில விட்டவங்கள். என்னையும் அடிச்சவங்கள். பெடியளை ட்ரக்கில ஏத்தேக்க நான் பஸ்ஸுக்குக் கீழால தவண்டு மற்றப் பக்கத்தால ஓடிட்டன். பிறகும் வீட்டை தேடி வந்தவங்கள். வெளிக்கிட்டிட்டன்." அவ்வளவுதான். ரிக்கற் கிழித்துக் கொடுப்பதுபோலச் சொல்லி முடித்துவிடுவார்.

"அண்ணை, கொஞ்சம் உணர்ச்சியோட சொல்லுங்கோவன்" என்பேன்.

"நடந்ததைத் தானேடாப்பா சொல்லலாம். உணர்ச்சிக்கு நான் எங்க போக?"

ரீச்சர் தன் நாடகத்துக்கு எங்களைக் கேட்டபோது நான் உடனே ஓம் என்றேன். அண்ணை மாட்டேன் என்றார். "எனக்கு உது சரிவராது தம்பி. நான் கூத்தாடுற ஆளில்லை." நான் விடவில்லை. வெள்ளைகள் நாலு பேர் எங்களுக்காகக் கதைத்தால் கேஸுக்கு நல்லது என்று அரித்தெடுத்தேன். அவர் கேஸுக்காகத்தான் வந்தார். மேடை ஆசை எனக்குத்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒத்திகை மத்தியானச் சமையலுக்கும் பின்னேரச் சமையலுக்கும் இடையில் எங்களுக்குக் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் நடந்தது. பாத்திரம் பிரித்த அன்று வந்த பகிடியைக் கேளுங்கள். மிருகங்களுக்கு அடிபிடி! தபால்காரர் எலண்ட் என்ற பெரிய மானாக வருவேன் என்றார். வங்கியில் வேலை செய்த ஒருவருக்குக் கும்பிடுபூச்சிதான் வேணுமாம். சான் மக்களின் கதைகளில் கும்பிடுபூச்சிதான் உலகத்தைக் குழப்பியும் திருத்தியும் திரிகிற கெட்டிக்காரன். ஒரு செருப்பைத் தண்ணீரில் போட்டு அதிலிருந்து மானை உண்டாக்கி, தேன் பூசி வளர்ப்பான். அவன் இல்லாத நேரம் பார்த்து வீட்டுக்காரரே அந்த மானைக் கொன்றுவிடுவார்கள். முயலுக்கும் நிலவுக்கும்கூட ஆள் வந்தது. துவக்கோடு வரும் பண்ணைக்காரனுக்கு மட்டும் மண்டபமே தலையைக் குனிந்துகொண்டது. சான் வேட்டைக்காரன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் அண்ணையைப் பார்த்தார்கள். எங்கள் நிறத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவ்வளவு மரியாதை. கடைசியில் ஒரு யாழ்ப்பாணத்தான் தொப்பி போட்டுக்கொண்டு இன்னொரு யாழ்ப்பாணத்தானைத் துரத்த, சுவிஸ்காரர் மான்களாகவும் முயல்களாகவும் நின்று பார்த்துக் கண்ணீர் விட்டார்கள்.

சான் மொழியில் நாக்கால் சொடுக்கும் ஒலிகள் உண்டு. சுவிஸ்காரர் வாயைக் கோணிக் கோணிப் பார்த்தும் வரவில்லை. அண்ணைக்கு முதல் தரமே வந்தது. நாங்கள் மாட்டை ஓட்டும்போது கன்னத்துக்குள் எழுப்பும் சத்தம்தானே. ரீச்சர் கைதட்டினார். அண்ணை வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்த மனுசன் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஒருநாள் ரீச்சர் அந்தக் கதைகள் எப்படி எழுத்தில் வந்தன என்று சொன்னார். பசிக்கு ஆட்டைத் திருடினார்கள் என்று பிடித்த சான் கைதிகளை நூறு வருடத்துக்கு முன் ஒரு படித்த வெள்ளைக்காரர் தன் வீட்டில் கொண்டுபோய் வைத்து, அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கொப்பிகளில் எழுதினாராம். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அண்ணை கவனமாகக் கேட்டார்.

"அப்ப அவங்களுக்கும் புரோட்டோக்கோல் எழுதினவை" என்றார். விசாரணையில் எழுதும் வாக்குமூலத்துக்கு இங்கே அதுதான் பெயர். "கதை சொன்னதுக்காக விட்டவையோ எண்டு கேள்."

கேட்டேன். பிறகு ஊருக்குப் போனார்கள், அங்கே அவர்கள் நிலம் இல்லை, அதற்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று பெரும்பாலும் ஒருவருக்கும் தெரியாது என்றார் ரீச்சர். அண்ணை "ச்சு" என்றார்.

அதே நாள்தான் ரீச்சர் இன்னொன்றும் சொன்னார். அவர்களிடம் கதைக்குச் சரி பிழை இல்லையாம். ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் இடையில் புகுந்து தன் பங்கைச் சேர்ப்பார். இன்றைக்குச் சொன்னது நாளைக்கு வேறாக இருக்கும். யாரும் அதைப் பொய் என்று சொல்லமாட்டார்கள். அந்த வழக்கத்தை மேடையில் காட்ட வேண்டும் என்று, நாடகத்தின் நடுவில் அண்ணை தன் சொந்தக் கதையைத் தமிழில் சொல்வார், நான் பக்கத்தில் நின்று ஜேர்மனில் சொல்வேன் என்று ஏற்பாடு செய்தார். உடுப்பு மாற்ற நேரமில்லை. நான் தொப்பியோடேயே நிற்பேன்.

முதல் மேடையேற்றம் ஒரு ஞாயிறு பின்னேரம். மண்டபம் நிறைந்திருந்தது. அண்ணை முன்னுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு, தன் நாலு வரியைச் சொன்னார். நான் ஜேர்மனில் சொன்னேன். யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்துச் சுவிஸ்காரிகள் கூட்டத்திலும் பின்னுவார்கள், ரெயிலிலும் பின்னுவார்கள். அவளுடைய ஊசி இரண்டும் டிக் டிக் என்று நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு மனுசன் றோட்டில் முழங்காலில் நிற்கிறான், நீ சப்பாத்துக்குள் போட மேசோடு பின்னுகிறாயோ! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சான் மக்கள் தீக்கோழி முட்டை ஓட்டில் தண்ணீர் வைத்துக் குடிப்பார்கள். கடதாசியும் பசையும் சேர்த்துச் செய்த முட்டை ஒன்று மேடையில் இருந்தது. இரண்டாவது மேடையேற்றத்தில், அண்ணை "முழங்காலில விட்டவங்கள்" என்று சொன்ன இடத்தில், நான் ஜேர்மனில் ஓர் ஆமிக்காரனைக் கொண்டுவந்தேன். அவன் தன் தண்ணீரைக் கொடுத்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு "ஓடு" என்றான், இந்த மனிதர் ஓடினார் என்று சொல்லிக்கொண்டே, தொப்பியோடு குனிந்து, முட்டையை எடுத்து அண்ணையிடம் நீட்டினேன். பஸ்ஸுக்குக் கீழால் தவழ்ந்ததை விட்டுவிட்டேன். தவழ்வதில் என்ன அழகு இருக்கிறது?

அண்ணை என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு முட்டையை வாங்கி, உள்ளே ஒன்றுமே இல்லை, தலையை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். அன்றும் வந்து பின்னிக்கொண்டிருந்த அவளுடைய ஊசிச் சத்தம் நின்றது. மண்டபமே மூக்கை உறிஞ்சியது.

"வாசர் வாசர் எண்டு என்ன சொன்னனீ?" என்று அறைக்கு வரும் வழியில் கேட்டார். தண்ணீருக்கு ஜேர்மனில் என்ன என்ற அளவுக்கு அவருக்குத் தெரியும்.

"உங்களுக்குத் தாகமாயிருந்தது எண்டு சொன்னனான் அண்ணை."

"ஓ" என்றார். நம்பினார்.

மூன்றாவது மேடையேற்றத்தில் அந்த ஆமிக்காரனுக்குப் பத்தொன்பது வயது. நாலாவதில் அவன் அழுதான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! யாருடைய அடிக்கு யார் எண்ணெய் பூசுவது? கைதட்டு எனக்கு வெறி மாதிரி ஏறியது. பகல் முழுக்க மற்றவன் தின்ற கோப்பையைக் கழுவுகிறவனுக்கு ஒரு மண்டபத்தை அழவைக்க முடியும் என்றால், அவன் உண்மையையா பார்த்துக்கொண்டிருப்பான்?

உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு வந்தது. அண்ணை முட்டையில் குடிக்கிறார். நான் தொப்பியோடு நிற்கிறேன். இரண்டு பேருடைய பெயரும் கீழே இருந்தது. ஆமிக்காரன் தண்ணீர் கொடுத்து விட்டுவிட்டான் என்று அண்ணை சொன்னதாகவே எழுதியிருந்தார்கள்.

"என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"உங்களைப் பற்றி நல்லாப் போட்டிருக்கினம் அண்ணை."

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அண்ணை இந்த ஊரோடு எவ்வளவு ஒட்டிவிட்டார் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா என்று ரீச்சர் அந்தப் பக்கத்தை வெட்டி, ஒரு கடிதமும் வைத்து, அவருடைய கேஸோடு சேர்க்கச் சொல்லி பேர்ணுக்கு அனுப்பினார். உறையில் முகவரி எழுதினது நான். எழுதும்போது எனக்குள் ஏதோ குத்தியது. குத்தட்டும் என்று விட்டுவிட்டேன். இவர்கள் இதையெல்லாம் எங்கே வாசிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். முத்திரையை நக்கி ஒட்டியது அண்ணை.

வாசித்திருக்கிறார்கள். அதுதானே அவர்கள் வேலை.

விசாரணை முடிந்து பேர்ணிலிருந்து பின்னேர ரெயிலில் வந்தார். வந்தவர் உடுப்பைக்கூட மாற்றவில்லை, வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். "என்ன மாதிரி அண்ணை?" என்றேன். உரித்துக்கொண்டே சொன்னார். மூன்று மணித்தியாலம் ஒழுங்காகப் போனதாம். பிறகு அதிகாரி அந்தப் பத்திரிகைத் துண்டை மேசையில் வைத்தாராம். முதல் விசாரணையில் பஸ்ஸுக்குக் கீழால் தவழ்ந்து தப்பியதாகச் சொல்லியிருக்கிறீர்கள், இதில் ஓர் ஆமிக்காரன் விட்டதாகச் சொல்கிறீர்கள், எது உண்மை?

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ரெண்டும் நடந்தது, முந்தி சொல்ல மறந்து போனன் எண்டு சொன்னனான்."

"ஐயோ, உங்களுக்கென்ன விசரோ! மொழிபெயர்த்தவன் பொய் சொன்னவன் எண்டு சொல்லியிருக்கலாமே!"

அண்ணை கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன்ர பேரும் அதில கிடக்கு. இவன் பொய் சொல்லுறவன் எண்டு நான் சொன்னால், அடுத்த முறை நீ போய் இருக்கேக்க உன்னை ஆர் நம்புவாங்கள்?"

அந்தக் கோபம் என்னில் இன்னும் இருக்கிறது. அவர் மேல்தான் கோபம், வெட்கமில்லாமல் சொல்கிறேன். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் அவரை வெறுத்து நிம்மதியாக இருந்திருப்பேன்.

நெகட்டிவ் பதிவுத் தபாலில் வந்தது. முக்கியமான விடயத்தில் முரண்பாடு, நம்பகத்தன்மை இல்லை. நடந்ததைத் தவிர வேறு ஒன்றும் சொல்லத் தெரியாத மனுசனுக்கு நம்பகத்தன்மை இல்லை! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் என் வாயால் கெட்டார்.

ரீச்சரிடம் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். அவர் வெளிறிப்போனார். என்னைத் திட்டவில்லை. மேன்முறையீட்டுக்கு ஒரு கடிதத்தை ரைப் அடித்துக்கொண்டு வந்தார். 'அந்த ஆமிக்காரனையும் தண்ணீரையும் மொழிபெயர்ப்பாளனாகிய நானே கற்பனையாகச் சேர்த்தேன். அவருக்கு அது தெரியாது.' நாலு வரி. கடிதத்தை மேசையில் வைத்து, பேனையை அதன்மேல் வைத்தார்.

என் விசாரணைக்கு மூன்று கிழமை இருந்தது.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று கடிதத்தை மடித்து ஜாக்கெட்டின் உள்பைக்குள் வைத்தேன். ரீச்சர் இரண்டு தரம் கேட்டார். மூன்றாவது தரம் கேட்கவில்லை. மேன்முறையீடு அது இல்லாமலே போனது.

பேர்ணில் என் கேஸை ஒரு சொல் மாறாமல் சொன்னேன். ஒட்டுப்போட்ட இடங்கள்தான் மிகவும் உறுதியாக இருந்தன. கடைசியில் அதிகாரி கேட்டார்: நாடகத்தில் மொழிபெயர்த்தவர் நீங்கள்தானே?

"ஓம்."

அவர் சொன்னதைச் சரியாக மொழிபெயர்த்தீர்களா?

"சரியாத்தான்" என்றேன். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதைச் சரியாகவே மொழிபெயர்த்தார். எழுதினார்கள். நான் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வைத்தேன்.

எனக்குப் பொசிட்டிவ் வந்த மாதத்தில்தான் அண்ணையின் மேன்முறையீடும் தள்ளுபடியானது. நாட்டை விட்டுப் போகத் திகதி கொடுத்தார்கள். பிரான்சுக்குக் கடந்து போங்கோ, எல்லை கடத்திவிட லோசானில் எனக்குத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்று கெஞ்சினேன். "இனி இன்னொரு நாட்டில இருந்து முதலில இருந்து சொல்ல என்னால ஏலாது தம்பி" என்றார். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது, சுகமாய் வந்து சேர்ந்தேன் என்று. பிறகு வரவில்லை. அண்ணை எப்படி இருக்கிறார் என்று ரீச்சர் கேட்கும்போதெல்லாம், அந்தக் கைதிகளைப் பற்றி அவர் எங்களுக்குச் சொன்ன பதிலைத்தான் நான் திருப்பிச் சொன்னேன். தெரியாது.

அண்ணை போன அன்று ஊஸ்டர் ஸ்டேஷனுக்கு நான் மட்டும் போனேன். விமானநிலையத்துக்கு வரவேண்டாம் என்றுவிட்டார். ஒரு பெட்டி, அதுவும் வந்தபோது கொண்டுவந்தது. நான் அழுதேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்டைக்கு றோட்டில உண்மையாவே தண்ணி கேட்டனான் தம்பி" என்றார். "கன நேரம் கேட்டனான். ஒருத்தனும் தரேல்லை. உன்ர அந்த முட்டையில ஒண்டும் இல்லையெண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் நீ நீட்டேக்க ஆறுதலாயிருந்தது."

ரெயில் வந்தது. பெட்டியைத் தூக்கிக் கொடுக்கக் குனிந்தபோது ஜாக்கெட்டின் உள்பைக்குள் ரீச்சரின் கடிதம் மடிபடும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.